சொல்வதற்கு முன் எழுதுங்கள்: டர்பனில் திரைக்கதை எழுத வரும் பெண்களுக்கு ஒரு கையேடு

டர்பனில் இருந்துகொண்டு திரைக்கதை எழுத விரும்பும் பெண்ணுக்கு நான் சொல்லும் முதல் பாடம், கதையை எவரிடமும் வாயால் சொல்வதற்கு முன் அதை எழுதி முடித்துவிட வேண்டும் என்பதுதான். கேட்பதற்கு இது எளிதாகத் தோன்றும். ஆனால் நாம் கதை கேட்டும் சொல்லியும் வளர்ந்தவர்கள். கோடம்பாக்கத்திலும் இன்றுவரை கதை ‘கேட்கப்படுகிறதே’ தவிரப் படிக்கப்படுவது குறைவு. ஆகவே மனத்தில் ஒரு கதை உருண்டு திரண்டவுடன் அதை யாரிடமாவது கொட்டிவிட வேண்டும் என்ற தவிப்பு இயல்பாகவே வந்துவிடுகிறது. அந்தத் தவிப்புக்கு நான் ஒரு முழுப் படத்தை விலையாகக் கொடுத்தேன்.

நான் புதுக்கோட்டைப் பக்கத்தில் பிறந்து, வடபழனியில் ஓர் இயக்குநரின் கதை விவாதத்தில் இரண்டு ஆண்டுகள் உதவியாளராக உட்கார்ந்திருந்து, மணமாகி, டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்துக்கு வந்து சேர்ந்தவள். வந்த நான்காம் ஆண்டில், டர்பனை அடுத்த அம்லாங்காவில் உள்ள ஒரு காபிக் கடையில் ஒரு தயாரிப்பாளருக்கு முக்கால் மணி நேரம் கதை சொன்னேன். அதன் நடுவில் ஒரு காட்சி இருந்தது. சாவு வீட்டின் கொட்டகையில் இரவு விழித்திருக்கும் ஆண்கள் துணீ ஆட உட்காருகிறார்கள். அது நான்கு பேர் ஆட வேண்டிய சீட்டாட்டம். இறந்துபோனவர்தான் அந்த நான்காவது ஆள். காலியாகக் கிடக்கும் நாற்காலியில் அவருடைய மனைவி வந்து உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் சீட்டைக் கலைக்கத் தொடங்குகிறார். ‘துணீ’ என்ற பெயர் நம்முடைய ‘தண்ணி’யிலிருந்து வந்தது என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள், அதையும் அந்தத் தயாரிப்பாளருக்கு இலவசமாக விளக்கினேன். இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு தொலைக்காட்சித் தொடரில் அந்த நாற்காலியும் அந்த விதவையும் வந்தார்கள். எழுதியவர் என்று வேறொருவரின் பெயர் ஓடியது.

வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “எழுதியது எங்கே?” என்பது. தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எண்ணத்தைக் காப்பதில்லை; எழுத்தாகவோ வேறு பதிவாகவோ ஒரு பருவடிவம் பெற்ற படைப்பைத்தான் காக்கிறது. அந்த வடிவம் கிடைத்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. விண்ணப்பம், கட்டணம், முத்திரை எதுவும் வேண்டியதில்லை. இன்னொன்றையும் அவரிடமிருந்துதான் அறிந்தேன். இந்த நாட்டில் பதிப்புரிமையைப் பதிவு செய்யும் வசதி முடிந்த திரைப்படத்துக்குத்தான் இருக்கிறது. அதற்கென 1977இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. திரைக்கதைக்கு அப்படியோர் அரசுப் பதிவேடு கிடையாது. ஆகையால் நம்முடைய பதிவேட்டை நாமே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அது கடினமன்று. ஒவ்வொரு வரைவின் முதல் பக்கத்திலும் பெயர், தேதி, வரைவு எண் ஆகியவற்றை எழுதி, பிடிஎஃப்பாக மாற்றி, உங்கள் மின்னஞ்சலிலிருந்து உங்களுக்கே ஒன்றும் நம்பிக்கையான ஒருவருக்கு ஒன்றும் அனுப்பி வையுங்கள். கதை சொல்லப் போவதற்கு முன், அந்தச் சந்திப்பை உறுதி செய்யும் மின்னஞ்சலிலேயே இரண்டு பக்கக் கதைச்சுருக்கத்தை இணைத்துவிடுங்கள். சந்திப்பு முடிந்த அன்றே, “இந்தத் தலைப்பில் உள்ள என் கதையை இன்று உங்களிடம் சொன்னேன், நேரம் ஒதுக்கியதற்கு நன்றி” என்று இரண்டு வரி எழுதுங்கள். மரியாதைக்கு மரியாதையும் ஆயிற்று, சான்றுக்குச் சான்றும் ஆயிற்று. மின்வெட்டு நாட்களில் பாதி எழுதிய காட்சிகளைப் பறிகொடுத்த பிறகு, நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த வாரம் எழுதியதை அச்செடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கிறேன். பிஸ்கட் என்று நம்பி அதைத் திறந்து ஏமாந்தவர்கள் எங்கள் வீட்டில் பலர்.

காட்சியை எழுதுவது எப்படி

சிறுகதை எழுதிப் பழகியவர்கள் திரைக்கதைக்கு வரும்போது செய்யும் பிழை ஒன்றுண்டு. ‘நினைத்தாள்’, ‘வருந்தினாள்’, ‘மனம் உருகினாள்’ என்று எழுதிவிடுவார்கள். கேமராவால் நினைப்பைப் படம் பிடிக்க முடியாது. கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் மட்டுமே தாளில் இருக்க வேண்டும். மற்றவை அவற்றிலிருந்து பார்ப்பவர் மனத்தில் எழ வேண்டும்.

என் திரைக்கதை ஒன்றில் ஆடி மாதத்து மாரியம்மன் கூழ் வரும். (எங்கள் ஊர் அப்பத்தா இங்கே ஆயா ஆகிறார், ஆடிக் கூழ் இங்கே ‘போரிட்ஜ் பிரேயர்’ ஆகிறது.) முதல் வரைவில், பேத்தி வேலைக்காக ஜொகன்னஸ்பர்க் போவதை எண்ணி ஆயா கலங்குகிறார் என்று எழுதியிருந்தேன். அது காட்சியே இல்லை. இரண்டாம் வரைவில், ஆயா கூழைக் கிளறியபடி பேத்தியை அழைத்து உப்புப் பார்க்கச் சொல்கிறார் என்று மாற்றினேன். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. என் மாமியாரிடம் படித்துக் காட்டினேன். அவர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு, “சாமிக்குப் படைக்கிற கூழை எவளாவது முன்னாடி வாயில வைப்பாளா?” என்று கேட்டார். பத்து நாட்கள் செதுக்கிய காட்சி ஒரே கேள்வியில் விழுந்தது. ஆனால் அந்த விதியே மூன்றாம் வரைவைத் தந்தது:

காட்சி 14. உள். சாட்ஸ்வர்த், சமையலறை. விடியற்காலை.

அடுப்பில் பெரிய அலுமினியப் பானை. ஆயா, வயது 72, கூழைக் கிளறிக்கொண்டிருக்கிறார். வாசலில் பயணப் பெட்டியுடன் ப்ரியா, வயது 24.

ப்ரியா: ஆயா, கார் வந்துடுச்சு.

ஆயா: உப்பு போட்டேனா?

ப்ரியா கரண்டியை எடுக்கிறாள். ஆயா அவள் புறங்கையில் தட்டுகிறார்.

ஆயா: சாமிக்கு முன்னாடியா?

வெளியே ஹாரன் ஒலி. ஆயா உப்பு ஜாடியையும் பானையையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

ஆயா: நான் போட்டத நீ பாத்தியா?

ப்ரியா பெட்டியைக் கீழே வைக்கிறாள்.

ருசி பார்க்கக் கூடாது என்பதால், உப்புப் போட்டோமா என்பதை நினைவிலிருந்துதான் எடுக்க வேண்டும். அந்த நினைவுதான் ஆயாவை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. மறதி என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. பேத்தி போவாளா மாட்டாளா என்பதும் தெரியாது; பெட்டி கீழே இறங்கியது மட்டும் தெரியும். காட்சியை அந்த இடத்தில் வெட்டிவிட வேண்டும். சடங்கு, சமையல், உறவுமுறை ஆகியவற்றில் உள்ள கட்டுப்பாடுகளை அலங்காரமாகக் கருதாமல், பாத்திரங்களின் வழியை அடைக்கும் தடையாகப் பயன்படுத்திப் பாருங்கள். காட்சி தானாக நகரும். இந்த ஒரு வகையில், அடுக்களையில் பாதி வாழ்நாளைக் கழித்த நமக்கு மற்ற எழுத்தாளர்களைவிடக் கையிருப்பு அதிகம் என்பது என் எண்ணம்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். மேலே உள்ள காட்சியை இங்கே தமிழில் தந்திருக்கிறேன். என் கோப்பில் ப்ரியா பேசுவது டர்பன் ஆங்கிலம், ஆயா பேசுவது தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சு, பக்கத்து வீட்டு அம்மையார் பேசுவது இசிசூலு. நம் வீடுகளில் உண்மையில் அப்படித்தான் பேசுகிறார்கள். இந்நாட்டு அரசியல் சாசனத்தின் 6ஆம் பிரிவு தமிழையும் மதித்துப் போற்ற வேண்டிய மொழிகளுள் ஒன்றாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது என்றாலும், நிதி வழங்குவோரும் தயாரிப்பாளர்களும் படிக்கப்போவது ஆங்கிலப் பிரதியைத்தான். ஆகவே காட்சி விவரிப்பை ஆங்கிலத்தில் எழுதுங்கள். வசனத்தை அந்தந்தப் பாத்திரம் பேசும் மொழியிலேயே எழுதி, அடியில் மொழிபெயர்ப்பைக் கொடுங்கள். எல்லோரையும் சென்னைத் தமிழில் பேசவைத்தால் சாட்ஸ்வர்த் சிரிக்கும். எல்லோரையும் சுத்தமான ஆங்கிலத்தில் பேசவைத்தால் அந்த வீடு எவருடையது என்றே தெரியாது.

கதை எங்கே கிடைக்கும்

1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு 342 பேருடன் ‘ட்ரூரோ’ கப்பல் இந்தத் துறைமுகத்துக்கு வந்தது என்பதைப் பள்ளிக் குழந்தையும் சொல்லும். திரைக்கதை எழுதுபவருக்கு அந்தத் தேதியைவிடப் பயன்படுவது கப்பல் பதிவேடு. பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடலில் உள்ள மச்சம் அல்லது தழும்பு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி அதில் இருக்கும். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்திலும், நகரின் நடுவில் உள்ள 1860 மரபு மையத்திலும் சில நாட்கள் உட்கார்ந்து பாருங்கள். ‘இடது முழங்கையில் தீக்காயத் தழும்பு’ என்ற ஒரு வரியிலிருந்து ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையையும் கற்பனை செய்துவிடலாம்.

கோயில் திடல்களில் இரவு முழுவதும் நடக்கும் தெருக்கூத்தையும் பாருங்கள். இங்கே அதற்கு ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று பெயர். ஒரே ஒரு பாத்திரத்தின் நுழைவை எவ்வளவு நேரம் காக்கவைத்து, எந்த நொடியில் திரையை விலக்குகிறார்கள் என்பதைக் கவனித்தால், பாத்திர அறிமுகம் பற்றி எந்த வகுப்பும் சொல்லித்தராத ஒன்று பிடிபடும். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டி வந்த கலை அது. அந்த வேடக்காரர் ஒப்பனையைக் கலைத்துவிட்டு வீடு திரும்பும்போது அவருடைய மனைவி என்ன சொல்வார் என்று நான் பல ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். யாராவது எழுதினால் மகிழ்வேன்.

1913இல் காந்தியின் சத்தியாகிரகத்துக்காக டிரான்ஸ்வாலிலிருந்து நட்டாலுக்கு எல்லை கடந்து வந்து, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்த பெண்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஜொகன்னஸ்பர்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை சிறையிலிருந்து நோயோடு வெளிவந்து 1914 பிப்ரவரி 22ஆம் நாள் இறந்தபோது அவருக்கு வயது 16. இவற்றையெல்லாம் எழுத வேண்டும் என்ற ஆசை எழும், எழத்தான் வேண்டும். ஆனால் முதல் திரைக்கதையாக இதை எடுக்காதீர்கள். பழங்காலத்து ரயில், சுரங்கம், நூற்றுக்கணக்கான துணை நடிகர்கள், அக்கால உடைகள் என்று செலவு மலைபோல் ஏறும்; அறிமுகமில்லாத எழுத்தாளரை நம்பி அந்தப் பணத்தை ஒருவரும் எடுத்து வைக்க மாட்டார்கள். ஒரு வீடு, நான்கு பாத்திரங்கள், மூன்று நாள் நிகழ்ச்சி என்று முதல் கதையைச் சுருக்குங்கள். 2017இல் ஜயன் மூட்லி இயக்கி, ரோரி பூத்துடன் சேர்ந்து எழுதிய ‘கீப்பிங் அப் வித் த கந்தசாமீஸ்’ சாட்ஸ்வர்த்தில் அக்கம்பக்கத்தில் வாழும் இரண்டு குடும்பங்களின் கதைதான். அதற்கு அடுத்தடுத்த பாகங்களும் வந்தன.

வடிவத்தைப் பொறுத்தவரை அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 12 புள்ளி கூரியர் எழுத்தில் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடப் படம். 90 முதல் 110 பக்கங்களுக்குள் முடித்துவிடுங்கள். தமிழ் எழுத்தில் அந்தக் கணக்கு பொருந்தாது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு உரக்கப் படித்துத்தான் நேரத்தை அளக்க வேண்டும். இலவச மென்பொருள்கள் கிடைக்கின்றன. தமிழ் எழுத்து சிதைகிறதா என்று ஒரு பக்கம் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். திரைக்கதையோடு மூன்று துணைத்தாள்கள் எப்போதும் தயாராக இருக்க வேண்டும்: இரண்டு வரிக்கு மிகாத ஒன்லைன், ஒரு பக்கச் சுருக்கம், கதையை வரிசையாக விரித்துச் சொல்லும் பத்துப் பக்க ட்ரீட்மென்ட். சுருக்கத்தில் முடிவை மறைத்துவைத்து ஆவலைத் தூண்டலாம் என்று எண்ணாதீர்கள். பணம் போடுபவருக்கு முடிவு தெரிய வேண்டும்.

எந்தக் கதவைத் தட்டுவது

1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசியத் திரைப்பட, காணொளி அறக்கட்டளை, திரைக்கதையை வளர்த்தெடுக்கும் நிலையிலிருந்தே நிதி வழங்குகிறது. அதன் விண்ணப்பத்தில் கதைத் தாள்களோடு, கதையின் உரிமை உங்களிடம் இருக்கிறது என்பதற்கான ஆவணத்தையும் கேட்பார்கள். மேலே சொன்ன பிஸ்கட் டின் அங்கே கைகொடுக்கும். கடைசி நாளன்று அனுப்பாதீர்கள். வரிச் சான்றிதழில் ஒரு தேதி காலாவதியானதால் தள்ளப்பட்ட விண்ணப்பம் ஒன்று என் வீட்டிலேயே இருக்கிறது. அடுத்து, 1979இல் தொடங்கிய டர்பன் சர்வதேசத் திரைப்பட விழாவும், 2010 முதல் அதை ஒட்டி நடைபெறும் டர்பன் ஃபிலிம்மார்ட் என்ற திரைப்படச் சந்தையும் நம் ஊரிலேயே நடக்கின்றன. கேப்டவுனிலிருந்தும் நைரோபியிலிருந்தும் விமானம் ஏறி வருகிறவர்களோடு நாம் பேருந்தில் போய் உட்காரலாம். முதல் ஆண்டு கதை சொல்லப் போகாமல், மற்றவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்பதற்காக மட்டும் போங்கள். ஐந்து நிமிடத்தில் தன் படத்தைச் சொல்லத் தெரியாமல் தடுமாறும் அனுபவசாலிகளைப் பார்த்தால் பயம் பாதி தெளிந்துவிடும்.

ஆனால் அன்றாடச் சோறு போடுவது தொலைக்காட்சித் தொடர்தான். இங்கே சோப்பி என்று சொல்லும் நாளாந்தத் தொடர்களில் சில குவாசூலு-நட்டாலிலேயே எடுக்கப்படுகின்றன. அங்கே எழுத்து வேலை பல கைகளில் பிரிந்திருக்கும். ஸ்டோரிலைனர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாரக்கணக்கில் கதையை நகர்த்துவார்கள். அதிலிருந்து ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் காட்சி காட்சியாக ஒரு வரைபடம் உருவாகும். அதை வாங்கி ஓர் எழுத்தாளர் சில நாட்களுக்குள் வசனம் எழுதித் தருவார். ஸ்கிரிப்ட் எடிட்டர் அதைச் சிவப்பாக்கித் திருப்பி அனுப்புவார். முதலில் குறிப்பெடுப்பவராகவோ எடிட்டருக்கு உதவியாளராகவோ சேர்வது எளிது. ஆறு மாதத்தில் கைக்கு வேகம் வரும், சொற்களின் மீதிருக்கும் பாசம் போகும், இரண்டுமே நல்லது. ஓர் எச்சரிக்கை மட்டும் தேவை. பணியாளராகச் சேர்ந்து எழுதுவதன் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, வேலை கொடுத்தவருக்கே போகும். உங்கள் ஆயாவின் கதையை, பல ஆண்டுகள் பொத்திவைத்திருக்கும் அந்தக் கதையை, ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் யோசனை வறண்டபோது மேசையில் போட்டுவிடாதீர்கள்.

சென்னை ஆசையும் சிலருக்கு இருக்கும், அது தவறன்று. தமிழ்த் திரையில் டி. பி. ராஜலட்சுமி 1936லேயே படம் இயக்கியிருக்கிறார். ‘சூரரைப் போற்று’ படத்தின் திரைக்கதைக்கான 68ஆவது தேசிய விருதைச் சுதா கொங்கராவும் ஷாலினி உஷா நாயரும் பகிர்ந்துகொண்டார்கள். இந்த இரண்டு செய்திகளுக்கும் இடைப்பட்ட காலம் நீண்டது என்பதையும் மறக்க வேண்டாம். அங்கே வாயால் சொல்லும் நரேஷன்தான் முதல் படி. சென்னைக் கடிகாரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், இங்கே காலை ஆறரை மணிக்குக் கணினி முன் உட்கார்ந்தால் அங்கே பத்து மணிக்கு அலுவலகம் திறக்கும் நேரத்தில் கதை சொல்லிவிடலாம். அதற்கு முன் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் கதையைப் பதிவு செய்யும் வழியை விசாரித்துக்கொள்ளுங்கள். 2018இல் தீபாவளிக்கு வந்த ஒரு பெரிய படத்தின் கதை தொடர்பாக எழுந்த பூசலில், ஓர் எழுத்தாளர் 2007இலேயே அச்சங்கத்தில் பதிவு செய்து வைத்திருந்த கதைதான் அவருக்குத் துணை நின்றது. உயர் நீதிமன்றத்தில் சமரசம் ஏற்பட்டுப் படத்தில் அவர் பெயர் இடம்பெற்றது. பதினொரு ஆண்டுக்கு முந்தைய தாள் அது.

அறைக்குள் ஒரே பெண்ணாக இருக்கும்போது

வடபழனியில் டிஸ்கஷன் ஒரு வாடகை அறையில் நடக்கும். ஏழு ஆண்கள், நான் ஒருத்தி. எட்டு மணிக்கு விடுதிக் கதவை அடைத்துவிடுவார்கள் என்பதால் நான் ஏழரைக்குக் கிளம்பிவிடுவேன். காலையில் திரும்பிவந்தால் நான் சொன்ன காட்சி வேறொருவர் சொன்னதாக மாறியிருக்கும், அல்லது நான் எதிர்த்த காட்சி இரவோடு இரவாக முடிவாகியிருக்கும். சண்டை போட்டுப் பார்த்தேன், பயனில்லை. பிறகு, சீன் ஆர்டரை, அதாவது காட்சிகளின் வரிசையை, எழுதித் தட்டச்சு செய்யும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மற்றவர்கள் அதைக் கீழான வேலையாக எண்ணினார்கள். ஆனால் ஒவ்வொரு நாளும் எல்லோர் கையிலும் இருந்தது நான் எழுதிய தாள். எந்தக் காட்சியை யார் சொன்னார் என்று ஓரத்தில் குறித்தவளும் நான். ஒரு மாதத்துக்குப் பிறகு இயக்குநர், “பேப்பர்ல என்ன இருக்கு, பாருங்க” என்று என்னைக் கேட்கத் தொடங்கினார். இந்த உத்தியில் ஆபத்தும் இருக்கிறது. தட்டச்சுக்காரி என்ற முத்திரை குத்திவிடுவார்கள். எனவே வேலையை ஏற்கும் அன்றே, டைட்டிலில் ‘கதை விவாதம்’ என்று வரும் கார்டில் உங்கள் பெயர் வரும் என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டர்பனில் பேச்சு சற்று நாகரிகமாக இருக்கும், நடப்பு அதிகம் வேறுபடாது. சந்திப்புகளைப் பகலில், அலுவலகத்திலோ பொது இடத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். தங்கும் விடுதியின் அறைக்கு அழைப்பவரிடம் கீழே உள்ள வரவேற்பறையில் காத்திருப்பதாகச் சொல்லிவிடுங்கள். அதனால் கைநழுவும் வாய்ப்பு உங்களுக்கு வேண்டியதில்லை. 2011ஆம் ஆண்டின் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின்படி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கோரலாம். தொல்லை கொடுப்பவர் உறவினராகவோ மேலதிகாரியாகவோ இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. திரைத்துறைப் பெண்களுக்காக இந்நாட்டில் ‘ஸ்விஃப்ட்’ என்ற அமைப்பு இயங்குகிறது. சிக்கல் வந்த பிறகு தேடாமல் முன்பே உறுப்பினராகிவிடுங்கள்.

வீட்டைப் பற்றி இவ்வளவு போதும்: யாரும் நேரம் கொடுக்க மாட்டார்கள், எடுத்துக்கொள்ள வேண்டும். நான் விடியற்காலை நான்கு முதல் ஐந்தே முக்கால் வரை எழுதுகிறேன். அதன் பிறகு பிள்ளைகளின் மதிய உணவு டப்பா. என் மாமியார் முதலில் முணுமுணுத்தார், கூழ்க் காட்சியைத் திருத்திய பிறகு, தேநீர் போட்டுக் கொண்டுவந்து, “இன்னைக்கு அந்தக் கிழவி என்ன பண்றா?” என்று கேட்கிறார். வரைவைப் படிக்கக் கொடுக்கும்போது, நம் வழக்கங்களை நன்கறிந்த ஒருவர், அறவே அறியாத ஒருவர், படமே பார்க்காத ஒருவர் என்று மூவரைத் தேர்ந்தெடுங்கள். மூவரும் ஒரே பக்கத்தில் சலித்துக்கொண்டால் அந்தப் பக்கத்தை வெட்டிவிடுங்கள். ஒருவர் சொல்லும் தீர்வை ஏற்க வேண்டியதில்லை. அவருக்கு எங்கே வலித்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்திடுவதற்கு முன்

ஒரு நாள் ஒருவர், “கதை பிடித்திருக்கிறது” என்பார். அன்று வீட்டுக்கு வந்து பாயசம் வைக்கலாம், கையெழுத்து மட்டும் வைக்க வேண்டாம். முதலில் பெரும்பாலும் ஆப்ஷன் ஒப்பந்தம்தான் வரும்; அதாவது ஒரு சிறு தொகைக்கு, குறிப்பிட்ட காலம்வரை, கதையை வேறு எவருக்கும் விற்காமல் நிறுத்தி வைப்பது. அந்தக் காலம் எத்தனை மாதம், நீட்டித்தால் மீண்டும் பணம் உண்டா, காலம் முடிந்தால் கதை உங்களிடம் தானாகத் திரும்புமா என்ற மூன்றையும் பாருங்கள். முடிவுத் தேதி இல்லாத ஆப்ஷன், திருப்பித் தராத இரவல் பாத்திரம்தான். எத்தனை முறை திருத்தி எழுத வேண்டும் என்பதை எண்ணிக்கையாக எழுதச் சொல்லுங்கள்; “திருப்தியாகும் வரை” என்று இருந்தால் அடித்துவிடுங்கள். பணத்தைக் கையெழுத்து, ட்ரீட்மென்ட், முதல் வரைவு, இறுதி வரைவு, படப்பிடிப்பின் முதல் நாள் என்று தவணையாகப் பிரியுங்கள். படம் வெளியான பிறகு தருவதாகச் சொல்லும் தொகையை உங்கள் கணக்கில் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்நாட்டுச் சட்டப்படி, பதிப்புரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருந்து, கொடுப்பவரின் கையெழுத்து அதில் இருந்தால்தான் செல்லும். ஆகவே காபிக் கடையில் தலையாட்டியதால் மட்டும் பதிப்புரிமையை இழந்துவிட மாட்டீர்கள். கையெழுத்து இட்ட பிறகுதான் இழப்பீர்கள். ஒரு வழக்கறிஞரிடம் இரண்டு மணி நேரத்துக்குக் கட்டணம் செலுத்திப் படிக்கவைப்பது, இந்தத் தொழிலில் நான் செய்த செலவுகளிலேயே மலிவானது. தென்னாப்பிரிக்க எழுத்தாளர்கள் கில்டையும் விசாரித்துப் பாருங்கள்.

கடைசியாகப் பெயர்ப் பிரிவைப் படியுங்கள். உங்கள் பெயர் தனிக் கார்டில் வருமா, மற்றவர்களோடு சேர்ந்து வருமா, சுவரொட்டியில் வருமா, வேறொருவர் பின்னால் திருத்தி எழுதினால் என்ன ஆகும் என்பவற்றை விளக்கமாகக் கேளுங்கள். அதோடு, பெயரை எந்த எழுத்துக்கூட்டலில் போட வேண்டும் என்பதை நீங்களே தெளிவாக எழுதி ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாகக் கொடுங்கள். கப்பல் பதிவேட்டில் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதி வைத்ததால் முதலி இங்கே மூட்லி ஆனார், நாயுடு நைடூ ஆனார், அது நிலைத்துவிட்டது. என் முதல் அத்தியாயம் ஒளிபரப்பான இரவில், வீட்டார் எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்திருக்க, என் பெயரில் இரண்டு எழுத்துகள் மாறி ஓடின. மறுநாள் அலுவலகத்தில் கேட்டபோது, “நீங்கள் எழுதித் தரவில்லையே” என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான்.